அட்டெண்டன்ஸ் இல்லாத செமஸ்டர்

முதல் வகுப்பு காலை 10 மணிக்கு என்று போட்டிருந்தது. சென்னைப் பழக்கத்தில் 9.50க்கே போய் உட்கார்ந்துவிட்டேன். பத்து மணி தாண்டியும் அறையில் நானும் என் தண்ணீர் பாட்டிலும்தான். அறை மாறி வந்துவிட்டோமோ என்று பையைத் தூக்கிய நேரத்தில், திமுதிமுவென்று ஐம்பது பேர் உள்ளே வந்தார்கள். அட்டவணையில் மணிக்குப் பக்கத்தில் சின்னதாக ‘சி.டி.’ என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. ‘கும் தெம்போரே’ என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம் அது. அப்படிப் போட்டிருந்தால் 10 என்பது 10.15. ‘எஸ்.டி.’ என்று இருந்தால் மட்டும் சரியாகப் பத்து.

2025 கோடை செமஸ்டரில் ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்துக்கு எக்ஸ்சேஞ்ச் மாணவனாகப் போயிருந்தேன். நெக்கர் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். பல்கலைக்கழகம் 1477-இல் தொடங்கியது. ஊரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் மாணவர்.

பணக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அந்த ஊர் இருக்கும் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. கல்லூரிகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் போகும் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு அது கிடையாது. விசாவுக்கு முடக்கக் கணக்கில் மாதம் 992 யூரோ வீதம் காட்ட வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்கு 5,952. அப்பா அதை ஃபீஸ் என்று நினைத்து இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. ‘நம்ம பணம்தான்பா, அங்கே போனதும் மாசா மாசம் நமக்கே வரும்’ என்று புரிய வைக்க ஒரு வாரம் ஆனது. போய் இறங்கியதும் வீட்டு உரிமையாளர் தரும் கடிதத்தோடு நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இரண்டு வாரம்தான் கெடு. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் மற்ற வேலைகள் தானாக நகரும்.

விடுதி, மலைமேல் வால்ட்ஹாய்சர் ஓஸ்ட் பகுதியில். நீளமான பெயர் என்பதால் எல்லோருக்கும் அது வெறும் ‘டபிள்யூ.எச்.ஓ.’ ‘டபிள்யூ.எச்.ஓ.வில் இருக்கேன்’ என்று ஊருக்குச் சொன்னபோது பெரியம்மா எனக்கு உலக சுகாதார நிறுவனத்தில் வேலையே கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். பொதுச் சமையலறைக் கதவில் யார் எந்த வாரம் சுத்தம் செய்ய வேண்டும் என்று அட்டவணை ஒட்டியிருக்கும். அந்தப் பகுதிக்காரர்களான ஸ்வாபியர்களுக்கு இது ஊர்ப் பழக்கம், ‘கேர்வோகே’ என்று பெயரே உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. அன்று காலி பாட்டிலைக் கண்ணாடித் தொட்டியில் போட்டுச் சத்தம் எழுப்புவதும் கூடாது.

மென்சா எனும் மாணவர் உணவகத்தில் ஒருநாள் தட்டில் பருப்பைப் பார்த்ததும் கண் கலங்காத குறை. வாயில் வைத்தால் வினிகர் புளிப்பு! கூடவே ‘ஸ்பெட்ஸ்லே’ எனும் கோதுமைமாவு நூடுல்ஸ், மேலே இரண்டு சாசேஜ். மூன்றாவது தடவை பிடித்துப்போனது. இப்போது சாம்பார் சாதத்தில் வினிகர் ஊற்றினால் என்ன என்று தோன்றுகிறது. வீட்டில் இதைச் சொல்லவில்லை.

படிப்புக்கு வருகிறேன். என் விரிவுரைகளில் யாரும் அட்டெண்டன்ஸ் எடுக்கவில்லை. இங்கே 75 சதவீதத்துக்காக காய்ச்சலோடு வகுப்புக்குப் போனவன், அங்கே வெயில் அடித்தால் ஆற்றோரச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், யாருக்கு அறைக்குப் போக மனம் வரும்? வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள். முதல் நாள் ஏதோ போராட்டம் என்றே நினைத்தேன். கைதட்டலுக்குப் பதில் அதுதானாம்.

ஆனால் தேர்வுக்கு நாமேதான் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், அதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு. பாடத்தில் சேர்ந்தாலே தேர்வுக்கும் சேர்ந்த மாதிரி என்று இருந்துவிட்டேன். இரண்டு நாள் தாமதமாகப் பார்த்தேன். பேராசிரியருக்கு மன்னிப்புக் கேட்டு நீளமாக மின்னஞ்சல் எழுதினேன். ‘வணக்கம், கடைசித் தேதி முடிந்துவிட்டது, அன்புடன்’ என்று ஒரே வரியில் பதில். கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. 30 கிரெடிட் போட்டிருந்தேன், 24 கிடைத்தது. என் கல்லூரிக்கு 20 போதும் என்பதால் தப்பித்தேன். தப்பு முழுக்க என்னுடையது, நினைவூட்டல் வரும் என்று காத்திருந்தது நம்மூர்ப் புத்தி.

மதிப்பெண் வந்ததும் அம்மாவுக்கு அழைத்து ‘1.7’ என்றேன். ‘எத்தனைக்குடா?’ என்று குரல் இறங்கியது. அங்கே 1.0தான் உச்சம், 4.0 தாண்டினால் ஃபெயில் என்று விளக்கினேன். ‘அப்போ இன்னும் குறைஞ்சிருக்கலாம்ல?’ என்றார்.

அந்த ஊரில் நான் மறக்காதது ஸ்டோகர்கான் படகுகள். பின்பக்கம் ஒருவர் நின்று நீளக் கழியால் ஆற்றின் அடியை உந்தி ஓட்டுவார். கார்பஸ் கிறிஸ்டி எனும் கிறிஸ்தவப் பண்டிகை விடுமுறையன்று படகுப் பந்தயம். விதவிதமாக வேஷம் கட்டிக்கொண்டு ஆற்றுத் தீவைச் சுற்றுவார்கள். பாலத் தூணருகே குறுகலான இடத்தில் எல்லாப் படகுகளும் முட்டி மோதி நிற்கும், கூட்டத்துக்கு அதுதான் கொண்டாட்டம். தோற்ற அணி மீன் எண்ணெய் குடிக்க வேண்டும். நானும் ஒருநாள் கழியைப் பிடித்துப் பார்த்தேன். கழி சேற்றில் சிக்கியது, படகு போனது, நான் கழியோடு இருப்பதா படகோடு போவதா என்று முடிவெடுப்பதற்குள் ஆற்றில் இருந்தேன்.

ஊர் திரும்பிய வாரம் சமையலறை அட்டவணையில் என் முறை. விமானம் மாலையில். யாரும் கேட்கவில்லை. காலையில் அடுப்பைத் துடைத்து, தரையைக் கழுவி, சேர்ந்திருந்த பாட்டில்களை, காலி பாட்டிலுக்கு முன்பணத்தைத் திருப்பித் தரும் கடை எந்திரத்தில் போட்டேன். பிளாஸ்டிக்குக்கு 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8. வந்த சில்லறையைச் சமையலறை உண்டியலில் போட்டுவிட்டு, என் பெயருக்கு நேரே டிக் அடித்தேன்.