எண் யார் கண்ணுக்குத் தெரிந்தது

என் மகளுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் என்று உறுதியான பிறகு எங்களை அதிகம் அச்சுறுத்தியவை இரவுகள்தாம். தூக்கத்தில் சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அவளால் சொல்ல முடியாது என்பதால், 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, உறங்கும் குழந்தையின் விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்று அவளுடைய மேற்கையில் ஒட்டியிருக்கும் சிறிய சென்சார், சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்த அளவை என் கைப்பேசிக்கு அனுப்புகிறது.

இதன் வேதியியல் அடிப்படை பழையது. அமெரிக்க ஆய்வாளர்களான லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் 1962இல் அலபாமாவில், குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதியை மின்முனையோடு இணைக்கும் வழியைக் காட்டினர். ஆயினும் அது தோலுக்கடியில் அணியும் கருவியாக அமெரிக்காவில் அனுமதி பெற 1999 வரை ஆயிற்று. மினிமெட் நிறுவனத்தின் அந்த முதல் கருவி மூன்று நாள்கள் இடைவிடாமல் பதிவு செய்தது. ஆனால் அணிந்திருந்தவருக்கு ஓர் எண்ணையும் அது காட்டவில்லை. பதிவுகளைக் கணினியில் இறக்கிய பிறகு மருத்துவர்தான் அவற்றைப் பார்த்தார். அன்றைய சென்சார்களின் துல்லியம் குறைவு என்பதை ஒப்புக்கொண்டாலும், தன் உடலின் கணக்கைச் சுமந்து திரிந்தவருக்கே அது மறைக்கப்பட்டிருந்தது என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

எண்கள் நோயாளியின் கண்ணுக்கு வந்த பிறகும், அவை சிறு திரையைத் தாண்டி வெளியே போகவில்லை. 2013இல் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் ஜான் காஸ்டிக், தன் சிறு மகன் அணிந்திருந்த கருவியின் தரவை இணையத்துக்கு அனுப்பும் நிரலைத் தாமே எழுதினார். பள்ளியில் இருக்கும் பிள்ளையின் அளவை அலுவலகத்திலிருந்தே அறிய விரும்பிய அவருடைய முயற்சியிலிருந்துதான் நைட்ஸ்கவுட் என்னும் திறந்த மென்பொருள் வளர்ந்தது. அந்தத் தந்தையை நான் நேரில் அறியேன்; அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

2014இல் ஐரோப்பாவில் வந்த ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்னும் சென்சார், விரலைக் குத்தி அளவீட்டைச் சரிசெய்யும் தேவையை நீக்கி, 14 நாள்கள் உழைத்தது. அதன் முதல் வடிவத்தில் அலாரம் கிடையாது.

சென்சார் அளப்பது இரத்தத்தை அன்று, திசுக்களிடையே உள்ள நீரை. ஆகவே சர்க்கரை விரைந்து மாறும்போது அது சில நிமிடங்கள் பின்தங்கும். அழுத்தப்பட்டாலும் பொய்யாகத் தாழ்ந்து காட்டும். இரவில் அலாரம் ஒலிக்கும்போது அவள் அந்தக் கையின்மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தால், மெல்லத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு, இன்றும் ஒருமுறை விரலைக் குத்திப் பார்த்துக்கொள்கிறோம்.