ஒரு மணி நேர ஆராதனை: எனக்குக் கைகொடுத்த எவுப்ராசியம்மா

மாதத்தின் முதல் வெள்ளிதோறும் கோயிலில் நற்கருணைப் பேழை (திவ்விய நற்கருணை அப்பம் வைக்கும் பெட்டி) முன்னால் ஒரு மணி நேரம் தனியாக இருப்பதாகப் போன வருடம் நேர்ந்துகொண்டேன். செபமாலை சின்ன வயதிலிருந்தே பழக்கம்தான். ஆனால் பாட்டு, புத்தகம், யாராவது முன்னால் நின்று சொல்லும் மன்றாட்டு என்று எதுவும் இல்லாமல் இருப்பது வேறு. கொஞ்ச நேரத்திலேயே மனசு ஆபீசுக்கும் வீட்டுக் கணக்குக்கும் ஓடிவிடும். முழங்கால் வேறு கடுக்கும்.

எங்கள் பங்கில் இருக்கும் ஒரு கார்மேல் சபை சிஸ்டர்தான் புனித எவுப்ராசியாவின் வாழ்க்கையைப் படிக்கச் சொன்னார். 1877-ல் திருச்சூர் பக்கம் காட்டூரில் பிறந்தவர், வீட்டில் வைத்த பெயர் ரோசா. 1900-ல் நித்திய வார்த்தைப்பாடு, அதாவது வாழ்நாள் முழுவதும் துறவியாக இருப்பேன் என்ற வாக்கு, கொடுத்தார். 1952-ல் இறக்கும்வரை ஏறக்குறைய 48 வருடம் திருச்சூரை ஒட்டிய ஒல்லூர் மடத்தில்தான் இருந்தார். நவகன்னியருக்கு, அதாவது துறவறப் பயிற்சியில் இருக்கும் பெண்களுக்குப் பொறுப்பாளர், பிறகு 1913 முதல் 1916 வரை மடத் தலைவி. மற்றபடி வெளியுலகம் பேசும்படி எதுவும் செய்யவில்லை. ஜெபித்தார், அவ்வளவுதான். ஊர் சனங்கள் அவரைப் பிரார்த்திக்கிற அம்மா என்றே அழைத்தார்கள். 2014-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

என்னை உலுக்கியது அவருடைய கடிதங்களின் கதை. உள்ளத்தில் நடப்பதையெல்லாம் எழுதச் சொன்னார் அவரது ஆன்ம குருவான ஆயர் மார் ஜான் மேனாச்சேரி. எவுப்ராசியம்மா கீழ்ப்படிந்து எழுதினார், எழுதியதை அழித்துவிடும்படியும் கேட்டுக்கொண்டார். ஆயர் பத்திரப்படுத்தி வைத்தார். அவற்றில் பேரின்பத்தோடு கடும் சோதனைகளும் இருக்கின்றன. இவ்வளவு பெரிய ஆத்துமாவே போராடித்தான் ஜெபித்திருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குத் தெம்பு வந்தது.

எவுப்ராசியம்மா தனக்குச் சின்ன உதவி செய்தவரிடம்கூட ‘மரித்தாலும் மறக்கமாட்டேன்’ என்பாராம். அதைப் பிடித்துக்கொண்டேன். சிஸ்டர் சொன்னபடி செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு ஆளை நினைத்துக்கொள்வேன். விரல் அந்த மணியிலேயே நிற்கும். அவருக்கு என்ன கஷ்டம், என்ன வேண்டும் என்று ஆண்டவரிடம் முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த மணி. மாமியாரின் முட்டி வலிக்கு ஒன்று, வேலை போன தம்பிக்கு ஒன்று, என்னோடு பேசாமல் இருக்கும் தோழிக்கு ஒன்று. தோழியின் மணியில்தான் அதிக நேரம் ஆகும். முதலில் கோபம்தான் வரும், அதையும் சொல்லிவிடுவேன். கால் கடுத்தால் தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொள்வேன். அதில் குறை ஒன்றுமில்லை என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்.

பிறகு ஒல்லூருக்கும் போய்வந்தேன். மடத்து ஆலயத்துக்குள்ளேயே கல்லறை இருக்கிறது. எனக்காக எதுவும் கேட்கத் தோன்றவில்லை, ஆட்களின் பெயர்களை மட்டும் சொன்னேன்.

இப்போதும் சில வெள்ளிகளில் மனசு வறண்டுதான் கிடக்கும். அன்றைக்கும் பெயர்களைச் சொல்லி முடிக்காமல் எழுவதில்லை. இந்த மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிரசவமும் சேர்ந்திருக்கிறது.