காணாமல் போன 17 லிட்டர்

கம்பத்துப் பக்கம் ஒரு வண்டி மைலேஜ் தரவில்லை என்றால் முதலில் மாட்டுவது டிரைவர்தான். ஏர் ஃபில்டரைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே அவர் வீட்டுக் கொல்லையில் டீசல் கேன் இருக்கிறதா என்று ஆள் விட்டுப் பார்த்துவிடுவார்கள். இந்த டிரைவர் அண்ணன் வீட்டுக்கும் ஆள் போனது. கிடைத்தது ஒரு மண்ணெண்ணெய்க் கேன், அதுவும் ரேஷன் காலத்தது.

வண்டி, 2.5 லிட்டர் டீசல் டபுள் கேபின் பிக்கப். ஓனருக்கு வீடு கம்பத்தில், ஏலக்காய்த் தோட்டம் கேரளாவில் வண்டன்மேட்டுப் பக்கம். காலையில் உரமும் ஆட்களுமாகக் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறும், சாயங்காலம் இறங்கும். ஏலம் விடும் நாளில் ஏலக்காய் மூட்டையோடு போடிக்கோ புத்தடிக்கோ போகும். லிட்டருக்கு 12 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி. ஓனருடைய மகன் கோயம்புத்தூரில் படிப்பை முடித்துவிட்டு வந்து அதன்மேல் கண் வைத்தார். பின்னால் இரண்டு அங்குலம் தூக்கினார். பழைய 215/75 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 31 அங்குல மட் டயர் போட்டார். மேலே கேரியர், கேரியரில் எல்இடி பட்டை, முன்னால் இரும்பு பம்பர், உள்ளே சிவப்புக் கூம்பு ஃபில்டர், சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபையர், கிரில்லுக்குப் பின்னால் கம்ப்ரசரோடு ஏர் ஹார்ன். கேரள எம்விடி (மோட்டார் வாகனத் துறை) கண்ணில் பட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அபராதம் எழுதலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது.

அடுத்த டேங்கில் மீட்டர் 400 கிலோமீட்டர் ஓடியதாகக் காட்டியது. பிடித்த டீசல் 50 லிட்டர். ஆக, மைலேஜ் 8. ஓனர் நோட்டில் எழுதினார்: 12 கணக்குக்கு 33 போதும், 50 போயிருக்கிறது, 17 லிட்டர் எங்கே?

பட்டறை பெஞ்சில் இதற்குப் பதில் சொல்லாத ஆள் இல்லை. "இஞ்ஜெக்டர் போயி, சம்சயம் இல்ல" என்றார் நெடுங்கண்டத்திலிருந்து ஸ்பிரிங் பட்டை மாற்ற வந்திருந்த சேட்டன், பானெட் திறக்கும் முன்பே. "டர்போ செத்துருச்சு" என்றார் டீ கொண்டுவந்த தம்பி. "சிப் வச்சு ட்யூன் பண்ணிட்டா பவரும் கூடும், மைலேஜும் கூடும்" என்றார் மகன். மெக்கானிக் மட்டும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு டயர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வண்டியில் எதையாவது மாற்றிய பிறகு மைலேஜ் போனால், இஞ்சினைத் தொடுவதற்கு முன் மீட்டரைச் சந்தேகப்பட வேண்டும். இதில்தான் பாதிப் பேர் இஞ்ஜெக்டர் செட்டுக்குப் பணம் கொடுத்து ஏமாறுகிறார்கள். 215/75 ஆர்15 டயரின் குறுக்களவு ஏறத்தாழ 703 மில்லிமீட்டர். 31 அங்குலம் என்றால் 787. ஒரு சுற்றுக்குப் புது டயர் 12 சதவீதம் கூடுதல் தூரம் உருள்கிறது. மீட்டருக்கு அது தெரியாது. அது எண்ணுவது சுற்றைத்தான். ஆகவே மீட்டரில் 400 என்றால் ரோட்டில் 448. மைலேஜ் 8 அல்ல, ஏறக்குறைய 9. பழைய 12 கணக்குக்கே 448 கிலோமீட்டருக்கு 37 லிட்டர் வேண்டும். 17 லிட்டரில் 4 லிட்டர் திருட்டே போகவில்லை, எழுதாத 48 கிலோமீட்டரில் எரிந்திருக்கிறது.

"மொதலாளி, நாலு லிட்டர் என் பேர்ல இருந்து எடுத்துருங்க" என்றார் டிரைவர் அண்ணன். ஓனர் சிரிக்கவில்லை.

இதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 67இல் போகும். கேமரா இருக்கும் ரோட்டில் 'அறுபதுலதான் வந்தேன்' என்று சத்தியம் செய்து பயனில்லை.

கணக்கை உறுதி செய்ய டேங்க்-டு-டேங்க்தான் வழி: டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்ப்பது, அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டி நிற்கும் சாய்மானம்கூட ஒன்றே. நாசில் முதல்முறை தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். 'இன்னும் கொஞ்சம் பிடிக்கும்ணே' என்று கழுத்து வரை ஊற்றும் பையனைத் தடுக்க வேண்டும், அந்த இரண்டு லிட்டரில் கணக்கே புரண்டுவிடும். தூரத்தை ஃபோன் ஜிபிஎஸ்ஸில் எடுங்கள். மலை ஏறி இறங்கும் வண்டிக்கு ஒரே ஒரு டேங்க் போதாது, இரண்டு மூன்று டேங்க் சேர்த்துப் பார்த்தால்தான் நம்பலாம்.

அடுத்தது பிரேக். முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டு, பின் ஆக்சிலை ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். கட்டை வைக்காமல் இதைச் செய்யாதீர்கள், ஹேண்ட்பிரேக் விட்ட வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது. சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசான உரசலோடு தாராளமாகச் சுற்ற வேண்டும். இதில் இரண்டு பின் சக்கரமும் கால் சுற்று போய் நின்றன. பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது, பிரேக் லைனர் கண்ணாடி மாதிரி வழவழத்திருந்தது.

காரணம் அந்த இரண்டு அங்குலம். பின்னால் ஸ்பிரிங் பட்டையைத் தூக்கிப் போட்டால் சேஸிஸ் மேலே போகிறது, ஆக்சில் கீழே நிற்கிறது. நடுவில் ஓடும் ஹேண்ட்பிரேக் கேபிள் அதே நீளம். வண்டி காலியாக இருக்கும்போது கேபிள் விறைத்து, லீவரைக் கீழே விட்டிருந்தாலும் லைனரை டிரம்மோடு பிடித்துக்கொண்டே இருக்கும். உரம் ஏற்றினால் பட்டை அமுங்கி கேபிள் தளரும். அதனால்தான் 'லோடுல நல்லா போகுதுண்ணே, எம்ப்டிலதான் இழுக்குது' என்று டிரைவர் அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். திருடன் என்று முடிவு கட்டிய ஆள் சொல்வதை யார் கேட்பது?

கேபிள் பிராக்கெட்டை இறக்கி, நட்டைத் தளர்த்தி, லைனர் மாற்றினார்கள். கூடவே லோடு சென்சிங் வால்வின் கம்பியையும் சரிசெய்தார் மெக்கானிக். ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துத்தான் அந்த வால்வு பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடுவது என்று முடிவு செய்கிறது. வண்டியைத் தூக்கிவிட்டால் லோடு இருந்தாலும் காலி என்று நினைத்துக்கொள்ளும். மைலேஜுக்கு இதனால் ஒன்றுமில்லை. ஆனால் கம்பம்மெட்டு இறக்கத்தில் பின் பிரேக் பாதிதான் வேலை செய்யும் என்பது மைலேஜைவிடப் பெரிய விஷயம்.

ஜாக்கி போட வசதி இல்லாதவர்கள் சமவெளியில் பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு ஒவ்வொரு ஹப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கேதான் டீசல் எரிகிறது. இங்கே பின்னால் இரண்டும் அடித்தது.

காற்று 22 பவுண்டு இருந்தது. மட் டயருக்கு 'குஷன் வேணும்'னு மகன் இறக்கிவிட்டது. இதற்கு ஆராய்ச்சி வேண்டாம். டயர் ஆறியிருக்கும்போது, ஏற்றும் லோடுக்கு ஏற்றபடி பிடித்தார்கள்.

இப்போதுதான் பானெட். சிவப்புக் கூம்பு ஃபில்டர் பார்க்க அழகு. ஆனால் கம்பெனிப் பெட்டி வெளிக்காற்றை இழுக்கும், கூம்பு ரேடியேட்டர் தாண்டி வரும் வெந்த காற்றை இழுக்கும். எண்ணெய் தடவிய ரகம் என்றால் அந்த எண்ணெய் காற்றளவு சென்சாரில் படிந்து அளவு தப்பும். பழைய பெட்டியும் காகித ஃபில்டரும் திரும்ப ஏறின. சென்சாருக்கு அதற்கென உள்ள கிளீனரை மட்டும் அடிக்க வேண்டும். கார்பரேட்டர் கிளீனரைப் பீய்ச்சி, துணியால் துடைத்து, புது சென்சார் வாங்கியவர்கள் உத்தமபாளையம் வரைக்கும் உண்டு.

பெரிய ஓட்டை ஹார்னால் வந்தது. ஹார்ன் கம்ப்ரசரைப் பிடித்திருந்த தகடு, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸை உரசி உரசி ஒரு கீறல் போட்டிருந்தது. ஐடிலில் தெரியாது. மலையில் டர்போ அழுத்தம் ஏறும்போது கீறல் வாய் திறக்கும். சென்சார் எண்ணிய காற்றில் ஒரு பங்கு இஞ்சினுக்குப் போகாமல் வெளியே போகும், கம்ப்யூட்டரோ முழுக் காற்றுக்கும் டீசல் அடிக்கும். விளைவு கறுப்புப் புகை, இழுவை இல்லை, டிரைவர் இன்னும் ஒரு கியர் இறக்குவார். கண்டுபிடிப்பது சுலபம்: ஹோஸ்களின் அடிப்பக்கம் எண்ணெய் கலந்த தூசி ஈரமாகப் படிந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது. உறுதி செய்ய, ஹோஸ் வாயை அடைத்து ஒரு பார் அளவுக்குள் காற்று விட்டு சோப்புத் தண்ணீர் ஊற்றினால் குமிழி வரும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரை அப்படியே மாட்டி முழு அழுத்தம் விட்டால் ஹோஸ் கழன்று முகத்தில் அறையும். ஸ்கேனரில் பி0299, அதாவது டர்போ அழுத்தம் குறைவு என்று ஏற்கெனவே பதிவாகி இருந்தது. செக் இஞ்சின் லைட்டை மகன் கறுப்பு டேப் ஒட்டி மறைத்திருந்தார், மியூசிக் சிஸ்டம் வெளிச்சத்தோடு ஒத்துப்போகவில்லையாம்.

அதே ஸ்கேனரில் கூலன்ட் சூடு இறக்கத்தில் 60 டிகிரியைத் தாண்டவில்லை. இஞ்சின் சூடேறும் வரை கூலன்டைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. வண்டி சூடாகுது என்று எப்போதோ யாரோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள், இந்த ஊரில் அது தலைவலிக்குத் தைலம் போல எல்லா பட்டறையிலும் கிடைக்கும் வைத்தியம். சூடு ஏறாத இஞ்சினில் ஆயில் கெட்டியாகவே இருக்கும், கம்ப்யூட்டரும் இன்னும் விடியவில்லை என்று நினைத்து அதற்கேற்றபடி டீசல் அடிக்கும். 82 டிகிரியில் திறக்கும் புதுசு ஒன்று போட்டார்கள்.

இஞ்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட்டையும் சேட்டன் திருப்திக்காக எடுத்தார்கள். நான்கு ரிட்டர்ன் குழாயிலும் நான்கு பாட்டில் கட்டி ஓடவிட்டு, எதில் அதிகம் நிறைகிறது என்று பார்ப்பது, அந்த இஞ்ஜெக்டர்தான் கசிகிறது. நான்கும் ஒரே அளவு. "அப்போ டர்போ?" என்றார் தம்பி. அவருக்கு டீ கிளாஸ் எடுக்கும் வேலை கொடுக்கப்பட்டது.

டிரைவர் அண்ணனும் முழுக்கத் தப்பவில்லை. இறக்கம் முழுக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவது அவர் பழக்கம், டீசல் மிச்சமாம். உண்மை நேர்மாறு. கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இந்தக் காலத்து இஞ்சின் டீசலையே நிறுத்திவிடும், சக்கரம்தான் இஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் ஐடிலுக்கு டீசல் குடிக்கும், பிரேக்கும் வேகும்.

திரும்ப அதே பங்க், அதே லோடு, ஜிபிஎஸ் தூரம். 10.7 வந்தது. 448 கிலோமீட்டருக்கு 42 லிட்டர், அதாவது 8 லிட்டர் திரும்பி வந்தது. கணக்கில் 4 முன்பே போயிற்று. பின்னத்தையும் சேர்த்துப் பார்த்தால் பாக்கி நாலரை.

அந்த நாலரைக்குப் பட்டறையில் மருந்து கிடையாது. கூடுதல் எடையை எல்லாரும் திட்டுவார்கள், ஆனால் அது சின்னக் குற்றவாளி. 200 கிலோவை 1000 மீட்டர் உயரம் ஏற்றினால்கூட 0.2 லிட்டர் ஆகாது. பெரிய செலவு மட் டயரின் தடித்த பட்டன் ரோட்டில் நசுங்கி நசுங்கி எழுவதிலும், கேரியர் காற்றை முட்டுவதிலும்தான். வேகம் 60லிருந்து 80 ஆனால் காற்றின் எதிர்ப்பு 1.78 மடங்கு. பாட்டும் விளக்கும் சேர்ந்து 500 வாட் இழுத்தால் ஆல்டர்னேட்டர் வழியாக மணிக்கு 0.3 லிட்டர் டீசல்.

கேரியரைக் கழற்ற மகன் ஒப்புக்கொண்டார். ஹார்ன் வேறு தகட்டுக்கு மாறியது. டயரைப் பற்றிப் பேச்செடுத்தபோது மட்டும், "அது தேயட்டும், அப்புறம் 235/75 போட்டுக்கலாம்" என்றார். 235/75 என்றால் மீட்டர் வித்தியாசம் 4 சதவீதத்தோடு நிற்கும், பரவாயில்லை. அதுவரை மீட்டரில் வருவதை 1.12ஆல் பெருக்கி எழுதவேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் ஓனரே எழுதி வைத்துவிட்டார். டிரைவர் அண்ணன் இப்போது வண்டியை நிறுத்தும்போதெல்லாம் குனிந்து டயர் பட்டனில் நகத்தை விட்டுப் பார்க்கிறார், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று.