அழகர் வர்ற நேரம்தான் நம்ம மீட்டுக்கு நேரம்

மதுரை அமெரிக்கன் கல்லூரியில கூடப் படிச்சவங்கள்ல பாதிப் பேரு சென்னை, கோயம்புத்தூர், துபாய்னு போயாச்சு, மீதிப் பேரு இங்கயே கடையும் வீடுமா இருக்கோம். எல்லாரையும் ஒரே நேரத்துல புடிக்கணும்னா சித்திரைத் திருவிழாவ விட்டா வேற வழியே இல்ல. பொங்கலுக்கு ஊருக்கு வராதவன் கூட அழகர் ஆத்துல இறங்குறதுக்கு வந்துருவான். அழகர எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை நடக்குற தல்லாகுளம் நம்ம காலேஜ் இருக்குற ஏரியாதான, அதனால முந்தின நாள் சாயங்காலமே ஒவ்வொருத்தனா வந்து சேர்ந்துருவாங்க. மோர்ப்பந்தல் பக்கத்துல நின்னு ஆளுக்கொரு டம்ளர் நீர்மோர் வாங்கிக்கிட்டு பேச ஆரம்பிச்சா விடியக்காலம் கூட்டத்தோட கூட்டமா வைகைப் பக்கம் நகர்ற வரைக்கும் பேச்சு நிக்காது. அன்னைக்கு இருக்குற சந்தோஷம் ஏசி ஹால் புக் பண்ணி பேனர் வச்சு நடத்துற மீட்ல எனக்குக் கெடச்சதே இல்ல.

ஏன்னு யோசிச்சுப் பாத்தேன். ஹால்ல மைக்க குடுத்து, பேரு, என்ன வேலை, எந்த கம்பெனின்னு வரிசையா சொல்லச் சொல்றாங்க. நல்ல எண்ணத்துலதான் பண்றாங்க, ஆனா வேலை போயி நிக்கிறவனுக்கும் கடை நஷ்டமாகி மூடுனவனுக்கும் அந்த மைக் கைக்கு வர்றதுக்குள்ள வயித்தக் கலக்கும். எங்க செட்ல ஒருத்தன், மேடையில ஏறினா கைத்தட்டு அடங்காத அளவுக்குப் பேசுவான், ஒரு மீட்ல பாதி வரிசை வந்ததும் போன் வந்த மாதிரி காதுல வச்சுக்கிட்டு வெளிய போனவன் சாப்பாட்டுக்குக் கூட வரல. அதுக்கப்புறம் குரூப்ல இருந்தும் லெஃப்ட் ஆயிட்டான். அவன் இல்லாம என்னங்க ரீயூனியன்?

1881ல பசுமலையில ஆரம்பிச்ச காலேஜ் இது, 1909ல இந்த இடத்துக்கு வந்துச்சு. அந்த செங்கல் கட்டடத்து வராண்டாவுல உக்காந்துருந்தப்ப எவன் அப்பா என்ன வேலை பாக்குறாருன்னு யாரு கேட்டோம்? சாலமன் பாப்பையா ஐயாகிட்ட தமிழ் படிச்ச சீனியர் அண்ணன்கள் மீட்டுக்கு வந்தா அவரு கிளாஸ பத்திதான் மணிக்கணக்கா பேசுறாங்க, வேலைய பத்தி ஒரு வார்த்தை வராது. அப்படித்தான் இருக்கணும்.

அதனால இந்தத் தடவை நான் குரூப்ல போட்டது இதுதான். மைக் வேணாம், வேலை என்னன்னு சொல்ல வேணாம், எந்த ஹாஸ்டல், யாரு ரூம்மேட்டுன்னு மட்டும் சொன்னா போதும். தலைக்கு இவ்வளவுன்னு கலெக்ஷனும் வேணாம், முடிஞ்சவன் பொருளாளர்கிட்ட தனியா குடுக்கட்டும், யாரு எவ்வளவு குடுத்தாங்கன்னு குரூப்ல லிஸ்ட் போடக் கூடாது. குடும்பத்தோட வர்றவங்களுக்கு எதிர்சேவைக் கூட்டத்துல கஷ்டம், அவங்களுக்கு மறுநாள் மத்தியானம் ஒருத்தர் வீட்டு மொட்டமாடியில பந்தல் போட்டு சாப்பாடு, கறிக்குழம்பு ஒரு பக்கம், சைவம் ஒரு பக்கம்.

குரூப்ப விட்டுப் போனவங்களுக்கு மெசேஜ் அனுப்புனா பத்தாது. வண்டிய எடுத்துக்கிட்டு நேர்ல போங்க, வீட்டம்மாகிட்டயும் சொல்லிட்டு வாங்க. மேடையில பேசுவான்னு சொன்னேனே, அவன் வீட்டுக்கு நான் போறேன். கூட வர்றவங்க இருந்தா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை காலையில பெரியார் பஸ் ஸ்டாண்டுல இருந்து கிளம்பலாம்.