ஒலிவாங்கியின் முன் ஒரு பாவசங்கீர்த்தனம்

என் பங்கைச் சேர்ந்த தம்பதியர், கட்டணத்தையும் தாங்களே செலுத்திவிட்டு, "ஃபாதர், ஒருமுறை வந்து பார்த்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று வற்புறுத்தியதால், சிங்கப்பூர் நகர மண்டபம் அருகே ஒரு ஹோட்டலில் வார இறுதி முழுவதும் நடந்த சுயமுன்னேற்றப் பயிலரங்கில் கலந்துகொண்டேன். கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

இத்தகைய பயிலரங்குகள் பலவற்றுக்கு முன்னோடி, வெர்னர் எர்ஹார்ட் 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'எஸ்ட்' பயிற்சி. நடத்துபவர்கள் மாறினாலும் அடிப்படை முறை பெரிதும் மாறவில்லை. பயிற்றுநரின் உரையைவிட, பங்கேற்பவர் ஒவ்வொருவராக எழுந்து, கூட்டத்தின் நடுவே நிறுத்தப்பட்டிருக்கும் ஒலிவாங்கியின் முன் தம் வாழ்க்கையைத் திறந்து வைப்பதே அங்கு முதன்மையானது. பேசி முடித்தவுடன் கைதட்டல் எழும். அடுத்தவர் வரிசையில் காத்திருப்பார்.

மதிய உணவுக்குப் பின், கணவரின் சூதாட்டக் கடனைப் பற்றி ஒரு தமிழ்ப் பெண்மணி அழுதுகொண்டே பேசினார். எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, "இவங்க ஈசூன்ல, எங்க சித்தி புளோக்ல இருக்கறவங்கதானே?" என்று தமிழில் கேட்டது என் காதில் தெளிவாக விழுந்தது. இங்கே சொல்வது எதுவும் வெளியே போகாது என்று காலையில் எல்லோரும் கையுயர்த்தி உறுதி கூறியிருந்தோம். ஆனால் ஓஃபிர் சாலையில் 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயத்தின் வாசலில் ஒரு ஞாயிறு நின்று பார்த்தாலே, இந்தத் தீவின் தமிழர்களில் யாருக்கு யார் சம்பந்தி என்பது பாதி விளங்கிவிடும். அவ்வளவு சிறிய சமூகத்தில் கையுயர்த்திய உறுதி எத்தனை நாள் நிற்கும்?

திருச்சபைக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. தவம் மேற்கொள்பவர்களின் பாவங்களை எழுதி வாங்கிச் சபை முன் வாசிக்கும் வழக்கம் இத்தாலியின் சில மறைமாவட்டங்களில் தலைதூக்கியபோது, திருத்தந்தை முதலாம் லியோ 459இல் அதைக் கண்டித்து நிறுத்தினார். குருவிடம் தனியே அறிக்கையிட்டால் போதும் என்றார். இன்று அந்த இரகசியத்தைத் திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் எண் காக்கிறது. அதை நேரடியாக மீறும் குரு, யாரும் தீர்ப்புச் சொல்லாமலே, திருச்சபை ஒன்றிப்பிலிருந்து நீக்கப்பட்டவராகிறார். இரகசியத்தை உடைப்பவர் விலை கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு அந்த ஹோட்டல் அரங்கில் இல்லை.

பயிற்றுநர் என்னையும் எழுப்பி, "நீங்கள் உங்கள் அங்கிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறீர்கள்" என்றார். நான் அன்று அங்கி அணிந்திருக்கவில்லை என்பது வேறு. எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி எனக்குச் சொந்தமானதன்று, ஆகவே சொல்ல இயலாது என்றேன். அவர் அதையும் தயக்கம் என்றே எடுத்துக்கொண்டார்.

இருந்தும் ஒன்றை மனமாரப் பாராட்ட வேண்டும். மாலை இடைவேளையில், உறவு முறிந்த ஒருவரை உடனே தொலைபேசியில் அழைக்கச் சொன்னார்கள். தேநீர் மேசையருகே நின்ற ஒரு பெரியவர், ஈப்போவில் இருக்கும் தம் அண்ணனை அழைத்து, "அண்ணே, நான்தான். வெச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் பேச வராமல் சுவரைப் பார்த்து நின்றார். எதிர்முனையும் வைக்கவில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு சமாதானமாகு என்ற மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை நாங்கள் ஆண்டுதோறும் வாசிக்கிறோம், மறையுரை ஆற்றுகிறோம். ஆனால் எழுந்து போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்று யாருக்கும் நேரம் ஒதுக்கிக் கொடுத்ததில்லை.

இறுதி நாளில் அடுத்த கட்டப் பயிற்சிக்கான படிவங்கள் வந்தன. அழுது களைத்தவர்களிடம் அந்த வேளையில் பணம் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தம்பதியரிடமும் அதைச் சொன்னேன். அவர்கள் சேருவதா இல்லையா என்பது அவர்கள் முடிவு. வருகிற தவக்காலத் தியானத்தில் மறையுரைக்கும், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கும் நடுவே அரைமணி நேரம் விட்டு, கைபேசியோடு வெளியே போய்வரச் சொல்லலாம் என்று பங்குப் பேரவையிடம் கேட்டிருக்கிறேன். ஒலிவாங்கி பீடத்தில் மட்டும் இருக்கும்.