வெளிநாட்டில் எம்.ஆர்க்.: பழகிய கை தவறும் இடங்கள்

கட்டடக்கலை முதுநிலைப் பட்டமான எம்.ஆர்க். என்ற பெயருக்கு நாட்டுக்கு நாடு பொருள் வேறு. அமெரிக்காவில் என்.ஏ.ஏ.பி. என்ற கட்டடக்கலைக் கல்வி அமைப்பின் அங்கீகாரம் பெற்ற எம்.ஆர்க். தொழில்முறைப் பட்டம், உரிமம் பெறும் பாதையில் அது நேரடியாகச் செல்லும். ஏற்கெனவே பி.ஆர்க். என்ற இளநிலைப் பட்டம் முடித்தவர்களுக்கென நடக்கும் குறுகிய மேற்படிப்புகளுக்கு அந்த அங்கீகாரம் கிடையாது. பிரிட்டனில் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏ.ஆர்.பி. என்ற பதிவு வாரியத்தில் பதிவு வேண்டும். இரண்டாண்டு எம்.ஆர்க். பொதுவாக அந்தப் பதிவின் இரண்டாம் கட்டத்துக்கு ஈடானது. ஓராண்டு எம்.ஏ., எம்.எஸ்ஸி. பெரும்பாலும் அப்படியல்ல. கட்டணம் பாதிதானே என்று ஓராண்டுப் படிப்பில் சேர்ந்து, வேலை தேடும்போது விழிப்பவர்கள் நிறைய. முன்பணம் கட்டுவதற்கு முன்பே "இந்தப் பட்டம் இந்நாட்டுப் பதிவுக்குக் கணக்கில் வருமா?" என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதிவு அமைப்பின் பட்டியலிலும் சரிபாருங்கள். ஏஜென்ட் சொல்வது பதில் ஆகாது.

வகுப்பு தொடங்கியதும் முதலில் இடறுவது தாளும் அளவும். ஏ வரிசைத் தாளில் ஏ1ஐப் பாதியாக்கினால் ஏ2, அதன் பாதி ஏ3, விகிதம் மாறாது. அமெரிக்காவில் 24×36 அங்குலத் தாளைப் பாதியாக மடித்தால் 18×24 வரும், அதன் விகிதமே வேறு. ஒரு தாளுக்கு அமைத்த லேஅவுட் மற்றதில் பொருந்தாது. அங்கே கால் அங்குலம் ஓர் அடி என்றால் 1:48. அதை 1:50 என்று நினைத்து மாடல் வெட்டினால், குழுவாகச் செய்யும் மனை மாடலில் உங்கள் துண்டு மட்டும் உட்காராது.

மாடல் செய்யும் பலகையை அளவுகோலோடு பொருத்தித் தேர்ந்தெடுங்கள். 1:100இல் 2 மி.மீ. கிரே போர்டு 200 மி.மீ. சுவராகும். 1:50இல் 5 மி.மீ. ஃபோம்போர்டு (இரு தாள்களுக்கு நடுவே ஃபோம் வைத்த பலகை) 250 மி.மீ. சுவராகும். மூலையில் ஃபோம் தெரியாமலிருக்க, ஒரு துண்டின் விளிம்பில் பலகையின் தடிமன் அளவுக்கு உள்தாளையும் ஃபோமையும் சீவி எடுத்துவிட்டு வெளித்தாளை மட்டும் மடிப்பாக விட வேண்டும். பிளேடு மழுங்கினால் ஃபோம் பிய்ந்துகொண்டு வரும். பிளேடில் சிக்கனம் பார்க்காதீர்கள். கரைப்பான் கலந்த பசை பாலிஸ்டைரீன் ஃபோமை அரித்துவிடும், வெள்ளைப் பசை போதும்.

லேசர் கட்டர் தன் கற்றையின் அகலத்தை, சுமார் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை, தின்றுவிடும். இறுக்கமாகச் சேர வேண்டிய இணைப்புகளில் அதை ஈடுசெய்து வரையாவிட்டால் எல்லாம் தளர்ந்து ஆடும். பி.வி.சி. கலந்த எதையும் அதில் வைக்காதீர்கள், ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும். த்ரீ-டி பிரிண்டரில் வழக்கமான நாஸில் (பிளாஸ்டிக் வெளிவரும் முனைத்துளை) 0.4 மி.மீ. 1:200இல் 200 மி.மீ. சுவர் 1 மி.மீ. ஆகிறது, தாங்கும். அதே கோப்பை 1:500க்குச் சுருக்கினால் சுவர் ஒற்றைக் கோடாகி உதிரும். இன்னொன்று: பிரிண்டருக்கு அனுப்பும் எஸ்.டி.எல். கோப்பில் அலகு பதிவாகாது. ரைனோ மென்பொருளில் மீட்டரில் வரைந்த மாடலைப் பிரிண்டர் மென்பொருள் மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டால், கட்டடம் கடுகளவில் வந்து நிற்கும்.

இவையெல்லாம் ஓரிரு வாரத்தில் படிந்துவிடும். கை எளிதில் விடாத பழக்கம் தட்பவெப்பம். பூமத்திய ரேகைக்கு அருகில் படித்தவர்கள் வெயிலை மறைக்கவே கற்றிருக்கிறார்கள். லண்டன், பெர்லின் போல 52 டிகிரி அட்சரேகையை ஒட்டிய இடத்தில் டிசம்பர் உச்சிப் பொழுதில் சூரியன் அடிவானிலிருந்து சுமார் 14.5 டிகிரிதான் ஏறும். 10 மீட்டர் உயரக் கட்டடம் அப்போது ஏறக்குறைய 39 மீட்டர் நிழல் போடும். உங்கள் முற்றம் குளிர்காலம் முழுக்க இருட்டில் கிடக்கும். தெற்குச் சன்னல் அங்கே பகை இல்லை, வரம்.

அடுத்தது, கையே தானாக வரைந்துவிடும் சன்ஷேடு, சன்னலுக்கு மேல் நீளும் வெயில் மறைப்பு. சன்னல் மேல் உத்தரமான லிண்டலோடு சேர்த்து வார்த்த கான்கிரீட் பலகை, கட்டடத்தை வெட்டிக் காட்டும் குளிர் நாட்டுச் செக்‌ஷனில் வெப்பக் காப்பை வெட்டிக்கொண்டு வெளியே நீள்கிறது. உள்ளிருக்கும் வெப்பம் அதன் வழியே ஓட, உள்மூலை குளிர்ந்து, அறைக் காற்றின் ஈரம் அங்கே படிந்து பூஞ்சை பிடிக்கும். பால்கனித் தளத்துக்கும் இதே கதி. வெப்பத்தைத் தடுக்கும் இணைப்புத் துண்டை இடையில் காட்டுங்கள், அல்லது பால்கனியைத் தனிக் கால்களில் நிறுத்துங்கள். நீராவித் தடுப்புப் படலமும் இடம் மாறும். குளிர் நாட்டில் அது காப்புக்கு உள்பக்கம், அதாவது சூடான பக்கம். 1:20 செக்‌ஷன் கேட்கும் ஆசிரியர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்: காப்புக் கோடு அடித்தளத்திலிருந்து கூரை வரை அறுபடாமல் போகிறதா? பென்சிலை எடுக்காமல் அந்தக் கோட்டை ஒரு சுற்று வரைந்து பாருங்கள்.

நடுவர்கள் வேலையை மதிப்பிடும் ஜூரியில் நேர்த்தியான கடைசி வரைபடம் மட்டும் போதாது. கைவிட்ட மாற்றுகளையும், ஏன் கைவிட்டீர்கள் என்பதையும் கேட்பார்கள். ஆகவே முதல் வாரக் கிறுக்கலிலிருந்து தேதி போட்டு வையுங்கள். மனை ஆய்வைப் பேசுவதிலேயே நேரத்தைத் தின்றுவிட்டுச் செக்‌ஷனுக்கு வருமுன் மணி அடித்துவிடுவது பெரும்பாலோர் செய்யும் தவறு. செக்‌ஷனிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம். நடுவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ள ஒரு வகுப்புத் தோழரை உட்கார வையுங்கள், நின்று பேசுபவருக்குப் பாதிதான் காதில் விழும். பிரிண்ட் முந்தைய நாளே முடிய வேண்டும். நிழலும் ஒளிபுகு அடுக்குகளும் நிறைந்த பி.டி.எஃப்., பெரிய தாளில் அச்சிடும் பிளாட்டரைத் திணறடிக்கும், அடுக்குகளை ஒன்றாக்கி அனுப்புங்கள்.

ஜூரி முடிந்த அன்றே, தூங்கப் போகும் முன், மாடலைப் படமெடுங்கள். கறுப்புத் துணி, ஒற்றை விளக்கு, தாழ்ந்த கோணம், அவ்வளவே. மறுவாரம் ஸ்டூடியோவைக் காலிசெய்யும்போது அது குப்பைத் தொட்டிக்குப் போகும். போர்ட்ஃபோலியோவில் மிஞ்சுவது அந்தப் படம்தான்.