லயத்துச் சாமான் அறையை நடத்தும் விதம்

தேயிலைத் தோட்டச் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டிக் கிடைக்கும். 25ஆம் திகதியளவில் வரும் அட்வான்ஸ் பெரும்பாலும் கடைக் கொப்பிக் கடனுக்கே போய்விடும். ஆகவே லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், கை வறண்டு கிடப்பது மாதத்தின் முதல் பத்து நாட்கள்தான். இல்லாத வீடுகளுக்கு உணவுச் சாமான் கொடுக்கும் எங்கள் சாமான் அறையை 2ஆம் திகதி பின்னேரம், கொழுந்தை எடை போட்டுவிட்டு ஆட்கள் வீடு வந்த பிறகு திறக்கிறோம். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை இன்னும் மோசம்: வெயிலில் கொழுந்து குறையும், சொன்ன கிலோ எட்டாமல் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) விழும். நன்கொடை லொறியோ தீபாவளிக்குத்தான் மலை ஏறும். அதில் வரும் பருப்பு, சோயா, டின் மீனைப் பெப்ரவரிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இடம் என்றதும் கோயில் மண்டபத்தைத்தான் காட்டுவார்கள். கருவாடும் நெத்தலியும் அங்கே வைக்க முடியாது; வேறு மதக் குடும்பங்களும் வரத் தயங்கும். பாவிக்காத பிள்ளைக் காம்பரா (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை) மேல். துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) கொடுக்கும் கடிதத்தில் எந்த அறை, எந்த நாள், பொறுப்பு யார் என்று தெளிவாக இருக்கட்டும். கதவுக்கு இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் ஆளுக்கொரு சாவி. அந்த இருவரும் வெவ்வேறு தொழிற்சங்கமாக இருந்தால் பாதிச் சண்டை வராது.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு எட்டு நாளைக்கு நாங்கள் போடுவது: அரிசி 5 கிலோ, கோதுமை மா 3 கிலோ, பருப்பு 1 கிலோ, சோயா 90 கிராம் பக்கெட் 4, நெத்தலி 250 கிராம், எண்ணெய் அரை லீற்றர், சீனி அரைக் கிலோ, உப்பு ஒரு பக்கெட். காலை ரொட்டிக்கு 750 கிராம் மா என்றால் நாலு நாள் வரும். ஒரு கறிக்கு 150 கிராம் பருப்பு என்றால் ஆறு தடவை. தேயிலைத்தூள் தோட்டமே கொடுப்பதால் அதில் காசைப் போடுவதில்லை. நெத்தலி வேண்டாதவர்களுக்குப் பருப்பு கூட்டிக் கொடுக்கலாம்.

அதிகம் பழுதாவது மாதான். ஜூன், ஜூலைப் பனிமூட்டத்தில் மூட்டை ஈரம் இழுத்துக் கட்டிபிடிக்கும். பூஞ்சண வாடை வந்த மாவைச் சலித்துக் கொடுக்கவே கூடாது. அரிசியில் வண்டு விழுந்தால் புடைத்துக் கழுவிச் சமைக்கலாம். மாவை, அறை திறக்கும் வாரத்தில் மட்டும் வாங்குங்கள். மற்றவை மூடியுள்ள பிளாஸ்டிக் பரலில், தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் அரையடி தள்ளிப் பலகைமேல் இருக்கட்டும். சவர்க்காரம், மண்ணெண்ணெய் பக்கத்தில் வேண்டாம், மாவில் வாடை ஏறிவிடும். வந்த திகதியை மார்க்கரால் எழுதி, பழையதை முன்னுக்கு வையுங்கள்.

உப்பிய டின்னையும் குழந்தைப் பால்மாவையும் யார் தந்தாலும் வாங்குவதில்லை. பால்மா கைக்கு வந்தால் தாய்ப்பால் குறையும். எடை குறைந்த பிள்ளைக்குக் கிளினிக்கில் திரிபோஷ என்ற சத்துமா இருக்கிறது, குடும்பநல உத்தியோகத்தரிடம் (மருத்துவிச்சியிடம்) அனுப்புங்கள்.

சாமான் வாங்குவோர் பட்டியலைச் செக்ரோலை (தோட்டச் சம்பளப் பதிவேட்டை) வைத்து எழுதினால், வேலையிலிருந்து பேர் நின்ற கிழவிகளும், பிள்ளைகள் கொழும்பில் இருக்கத் தனியே கிடப்பவர்களும் விடுபடுவார்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கொழுந்தெடுக்கும் பெண்களுக்குத்தான் தெரியும், அவர்களிடம் கேளுங்கள். பட்டியல் சுவரில் ஒட்டுவதற்கல்ல. படம் கேட்கும் நன்கொடையாளருக்குப் பில்லையும் அடுக்கிய சாமானையும் எடுத்து அனுப்பினால் போதும். வாங்க வந்தவரின் முகம் வேண்டாம்.

நுவரெலியாப் பக்க மரக்கறித் தோட்டக்காரர்கள் கோணல் கரட், சிறிய கோவா, லீக்ஸ் கழித்துப் போடுவார்கள். கரட்டைக் கழுவாமல் தரச் சொல்லுங்கள், கழுவினது சீக்கிரம் அழுகும். லீக்ஸை அன்றைக்கே பிரித்துக் கொடுத்துவிட வேண்டும்.